கல் நந்தியும் கோயாவின் தூரிகையும்

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். கதிரவன் எழும் கீழ்ப்புறம் எழுவான்கரை. அவன் மறையும் மேற்புறம் படுவான்கரை. எழுவான்கரையில் நெடுஞ்சாலையும் கடைவீதிகளும் கல்லூரிகளும் வளர்ந்தன. படுவான்கரையில் நெல் விளைந்தது. களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, பெரியபோரதீவு, பழுகாமம் என வயல்களினூடே மேற்கு நோக்கிச் சென்றால் வெல்லாவெளியை அடையலாம். போரதீவுப்பற்றின் நிர்வாகத் தலைமையிடம் அதுவே. அதன் கிழக்கே வாவியோரத்தில் முருகன் கோயில் கொண்ட மண்டூர். வடக்கே தான்தோன்றீஸ்வரரின் கொக்கட்டிச்சோலை. இப்பகுதியில் பிறந்து வளர்ந்த எவரும் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னரே ஒரு சரித்திரத்தைக் கேட்டிருப்பர். அது கொக்கட்டிச்சோலைக் கல் நந்தியின் கதை.

பறங்கித் தளபதி ஒருவன் படையோடு கோயிலை இடிக்க வந்தான். வாயிலிலே படுத்திருந்த நந்தியைக் கண்டு, இந்தக் கல் மாடு எழுந்து புல் தின்னுமா என்று ஏளனமாகக் கேட்டான். தின்னும் என்றார் கோயிற் பூசகர். புல் கொண்டுவரப்பட்டது. கல் நந்தி எழுந்தது, புல்லைத் தின்றது, சாணமும் இட்டது. தளபதி வெலவெலத்துத் திரும்பி ஓடினான். கதை இவ்வளவுதான். சொல்வோர்க்கேற்ப இடையில் சில விபரங்கள் கூடும், சில குறையும். சாணத்தை மட்டும் எவரும் விடுவதில்லை. அதிகாரத்தின் முகத்துக்கு நேரே மக்கள் இட்ட பதில் அதுதான் போலும்!

இக்கதையைக் கேட்கும் படித்தவர்களிடையே இரு கூட்டத்தாரைக் காண்கின்றோம். ஒரு கூட்டத்தார் கைகூப்பிக் கண் கலங்குவர். மற்றக் கூட்டத்தார் மூடநம்பிக்கை என்று கூறி நகைத்து அப்பாற் செல்வர். இருவருமே கதையை ஆராய்வதில்லை. கல் புல் தின்னாது என்பது அதனைச் சொன்ன உழவனுக்குத் தெரியாததன்று. அது தெரிந்தமையாலன்றோ அதிசயம் என்று சொன்னான். பக்தனும் பகுத்தறிவாளனும் விட்டுச் சென்ற கேள்வியை வரலாற்று மாணவன் கேட்டாக வேண்டும். படுவான்கரை மக்கள் இப்படியொரு கதையை ஏன் படைத்தனர்? அதில் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாது விட்டார்கள்?

முதலில் நாட்டு நடப்பை நோக்குவோம். 1621-இல் பிலிப் டி ஒலிவெய்றா நல்லூரை அழித்து யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேய ஆட்சியை உறுதிப்படுத்தினான். அதனையடுத்த சில ஆண்டுகளில் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா திருகோணமலையிற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். இன்றும் பிரெடரிக் கோட்டையின் வாயிலில் பாண்டியரின் கயற் சின்னமும் பழைய கல்வெட்டொன்றின் துண்டும் காணப்படுகின்றன. கோயில் கோட்டையாகியது என்று சொல்லுக்கு அழகாகக் கூறிவிடலாம். கல் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிய உழைப்பு பீரங்கிக்கு முட்டுக்கல்லாகியது என்று கூறினாற்றான் நடந்தது விளங்கும். அடியார்கள் சில திருவுருவங்களை மண்ணிற் புதைத்துக் காத்தனர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின், 1950-இல், திருகோணமலையிற் கிணறு வெட்டியவர்களின் கையில் அவ்வெண்கலச் சிலைகள் அகப்பட்டன. 1956-இல் கோணேசர் பாறையின் அடியில் கடலுள் மூழ்கியோர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டெடுத்தனர்.

மட்டக்களப்பிலோ கதை வேறு. அங்கே புளியந்தீவிற் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628-இல். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் அதனைக் கைப்பற்றியது 1638 மே மாதத்தில். ஆகப் பறங்கியர் அங்கே நிலைகொண்ட காலம் பத்து ஆண்டுகளே. அப்பத்து ஆண்டுகளிலும் அவர்களது பிடி தீவுக்கும் கோட்டையின் சுற்றாடலுக்கும் அப்பால் உறுதியாக நீண்டதில்லை. நாட்டுப்புறம் கண்டி மன்னனின் மேலாணையை ஏற்ற வன்னிமைகளின் கையிலேயே இருந்தது. அகன்ற வாவியும் அதன் பின்னே காடும் படுவான்கரைக்கு அரண்களாயின.

அப்படியானால், யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் போல நொறுக்கப்படாத ஒரு கரையில் பறங்கித் தளபதியை விரட்டும் கதை இத்துணை உரமாக வேரூன்றியது எவ்வாறு? எமது எண்ணம் இது: அக்கதையிலுள்ள அச்சம் அக்கரைக்கு மட்டும் உரியதன்று. கோணேசரை இழந்தவர்கள், நல்லூரை இழந்தவர்கள், ஊர்விட்டு ஊர் ஓடியவர்கள் சொல்லிய செய்தி அது. ஓடிவந்தோர் இருந்தனர் என்பதற்கு உறுதியான சான்று ஒன்றுண்டு. தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் விரட்டியபோது, 1626-இல் கண்டியரசன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் தந்து நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் எனக் குவேறோஸ் பாதிரியாரே எழுதிவைத்துள்ளார். சமயத்தின் பெயரால் துரத்தப்பட்ட மக்களைப் பௌத்த மன்னன் ஒருவன் தமிழ்ச் சைவர்கள் வாழும் கரைக்கு அனுப்பினான், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். இந்நிகழ்ச்சியைச் சற்று மனத்தில் வைத்திருக்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கின்றோம். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியுள்ளது.

கல் நந்தியின் கதைக்கு முன்மாதிரியொன்றும் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தைப் படித்தோர்க்குக் கல் யானைக்குக் கரும்பு கொடுத்த படலம் நினைவுக்கு வரும். சித்தர் வடிவில் வந்த இறைவனைச் சோதிக்க விரும்பிய பாண்டியன், கோயிலிலுள்ள கல் யானைக்குக் கரும்பு கொடுக்க முடியுமா என்று கேட்கின்றான். யானை உயிர்பெற்றுக் கரும்பைத் தின்கின்றது, அரசன் வணங்குகின்றான். மதுரையிற் பிறந்த இவ்வமைப்பு ஏட்டிலும் புராணப் படிப்பிலும் கடல் கடந்து வந்திருத்தல் இயல்பே. ஆனால் வந்த இடத்தில் அது அடைந்த மாற்றத்தைக் கவனியுங்கள். மதுரையிற் சோதிப்பவன் சொந்த நாட்டு மன்னன்; கதையின் முடிவில் அவனுக்கு அருள் கிட்டுகிறது. கொக்கட்டிச்சோலையிற் சோதிப்பவன் ஆயுதம் தாங்கிய அந்நியன். அவனுக்குக் கிட்டுவது ஓட்டம். மதுரையில் அற்புதம் செய்பவர் இறைவனே வந்த சித்தர். இங்கே புல் நீட்டுபவர் ஊர்ப் பூசகர். கரும்பு புல்லாயிற்று, யானை எருதாயிற்று. அரண்மனையின் கதை வயற்காரனின் கதையாயிற்று. வேளாண்மை செய்யும் மக்களுக்கு எருதைக் காட்டிலும் நெருங்கிய துணை ஏது?

இந்த இடத்திற் கடல் கடந்து சற்றே செல்ல விரும்புகின்றோம். சமயக் கொடுமையும் கலையும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் வேளையைக் காட்டிய திரைப்படங்களுள், உரிய மதிப்பைப் பெறாது போன ஒன்று 2006-இல் வெளிவந்த ‘கோயாவின் ஆவிகள்’. ‘அமதேயஸ்’ படத்தினால் உலகப் புகழ்பெற்ற மிலோஸ் ஃபோர்மன் இயக்கியது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜான் குளோத் கரியேருடன் சேர்ந்து எழுதியது. விமரிசகர் பலர் அதனை ஒதுக்கினர். கொட்டகைகளிலும் அது ஓடவில்லை. கதை குழம்புகின்றது என்றனர். அக்காலத்து இஸ்பானியாவும் குழம்பித்தான் கிடந்தது. ஃபோர்மன் செக்கோஸ்லவாக்கியாவிற் பிறந்தவர். தாயையும் தந்தையையும் நாசிகளின் முகாம்களில் இழந்தவர். மதவிசாரணை மன்றம் பற்றிய நூலொன்றைத் தமது மாணவப் பருவத்திற் படித்தபோது, தம்மைச் சுற்றி நடந்தவற்றின் சாயலை அதிற் கண்டதாக அவர் கூறியிருக்கின்றார். அக்காலத்துப் பிராக் நகரில் சோசலிசத்தின் பெயரால் வழக்கு மன்றங்கள் கூடி, அடித்துப் பெற்ற வாக்குமூலங்களைக் கொண்டு தோழர்களையே தூக்கிலிட்டன என்பதை இடதுசாரிகளாகிய நாம் முணுமுணுக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

படத்தின் கதை 1792-இல் மாட்ரிட்டில் தொடங்குகிறது. ஓவியர் கோயாவுக்கு உருவமாக நின்ற வணிகர் மகள் இனேஸ், உணவுவிடுதியொன்றிற் பன்றியிறைச்சியை வேண்டாம் என்று விலக்குகிறாள். அதனைக் கண்ட ஒற்றர்கள் அவள் மறைவாக யூத சமயத்தைப் பின்பற்றுபவள் என்று அறிவிக்கின்றனர். கைகளைப் பின்னாற் கட்டித் தொங்கவிட்டு, வாக்குமூலம் பெற்று, அவளைச் சிறையில் அடைக்கின்றனர். வதையின்போது உண்மையைச் சொல்ல இறைவன் வலிமை தருவான் என்று வாதிடுகிறான் பாதிரி லொறென்சோ. இனேசின் தந்தை அவனை விருந்துக்கு அழைத்து, அதே முறையில் அவனையே தொங்கவிட்டு, தான் ஒரு குரங்கு என்று எழுதிய தாளிற் கையொப்பம் வாங்குகிறார். இக்காட்சிக்காகவே இப்படத்தை மாணவர்க்குக் காட்டலாம். சட்டக்கல்லூரி மாணவர்க்குக் கட்டாயம் காட்டலாம்.

உண்ணும் உணவைக் கொண்டு உள்ளத்தைத் துப்பறிதல் எமக்குப் புதிதன்று. பறங்கியர் காலத்து யாழ்ப்பாணத்தில் விரத நாளில் மரக்கறி உண்ட வாழையிலையை வெளியில் வீசினாற் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி, கூரை இறப்பிற் சொருகி மறைத்தனர் என்பது வாய்வழிச் செய்தி. நாளுக்கொரு வீடாக முறைவைத்துப் பறங்கி அதிகாரிக்குப் பசு கொடுக்கவேண்டியிருந்தபோது, தம் முறை வரும் முன் இரவோடிரவாகக் கடல் கடந்து சிதம்பரம் சென்றவர் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் என்பதும் வழிவழி வந்த செய்தியே. கோவாவில் மதவிசாரணை மன்றம் 1560-இல் நிறுவப்பட்டு, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை நிலைத்தது. அதன் சிறையில் வாடிய பிரெஞ்சு வைத்தியர் டெலோன் விடுதலை பெற்றபின் எழுதிய நூல் 1687-இல் ஐரோப்பாவைத் திடுக்கிடச் செய்தது. மாட்ரிட்டும் கோவாவும் யாழ்ப்பாணமும் ஒரே வலையின் கண்ணிகள்.

படத்தின் பிற்பகுதியே எமது பொருளுக்கு முக்கியமானது. பதினைந்து ஆண்டுகள் கழித்து நெப்போலியனின் படை இஸ்பானியாவுக்குள் நுழைகின்றது. ஓடிப்போன பாதிரி லொறென்சோ இப்போது பிரெஞ்சுப் புரட்சியின் தத்துவம் பேசும் வழக்குத்தொடுநராகத் திரும்பி வருகின்றான். சிறைக்கதவுகள் திறக்கின்றன. இனேஸ் சிதைந்த உடலும் சிதறிய மனமுமாக வெளியே வந்து, சிறையில் அவனால் தனக்குப் பிறந்த குழந்தையைத் தேடுகிறாள். விடுதலை பேசும் அதே மனிதன் அவளைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்புகிறான். பிறகு ஆங்கிலேயர் வருகின்றனர். பழைய பாதிரிமார் மீண்டும் ஆசனம் ஏறுகின்றனர். அங்கி மாறுகிறது, கொடி மாறுகிறது, இனேஸ் தெருவில் நிற்கிறாள். இவற்றையெல்லாம் கோயா பார்க்கின்றார், வரைகின்றார். மன்னனையும் வரைந்தார், பாதிரியையும் வரைந்தார், சிறை மீண்ட பெண்ணையும் வரைந்தார். வீரனாகப் படம் அவரைக் காட்டவில்லை. வரலாற்றுக் கோயாவும் அத்தகையவரே. சமயவாதிகளையும் பிரபுக்களையும் எள்ளி நகையாடிய எண்பது செதுக்கோவியங்களை 1799-இல் விற்பனைக்கு விட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். போரின் கொடுமைகளைத் தீட்டிய வரிசையை வாழ்நாளில் வெளியிடவே இல்லை. 1828-இல் அவர் மறைந்தார். அது அச்சேறியது 1863-இல்.

கல் நந்தியின் கதையை இப்படத்தின் அருகில் வைத்துப் பார்க்கையில் அதன் குறை தெரிகின்றது. எமது கதையிலே தளபதி ஓடிவிடுகிறான், கதை முடிந்துவிடுகிறது. வரலாற்றில் அவன் வேறு உடையிலே திரும்பி வந்தான்.

முதலில் ஒல்லாந்தனாக வந்தான். வடபகுதியைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658-இல் பறித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். பாதிரிமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என அறிவித்தனர். நேற்றுவரை துன்புறுத்தியவர்களின் சமயத்தைத் தழுவியிருந்த ஏழை மீனவனும் கூலிக்காரனும் இன்று துன்புறுத்தப்படும் பக்கத்துக்குத் தள்ளப்பட்டனர். 1687-இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் முனிவர் இரவில் வீடு வீடாகச் சென்று அவர்களுக்குத் தொண்டாற்ற நேர்ந்தது. பின்னர் அவருக்கும் நிலையான புகலிடம் தந்தது கண்டி இராச்சியமே. அவர் வழிவந்த யாக்கோமே கொன்சால்வேஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் கத்தோலிக்க மக்கள் பழைய கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் எடுத்துக்கொண்டு மூவிராசாக்களையும் வேதசாட்சிகளையும் ஆடினார்கள். கூத்தை எந்தச் சமயத்தின் சொத்தாகவும் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோட்டையை இழந்த பறங்கியரின் வழித்தோன்றல்கள் மட்டக்களப்பிலேயே தங்கித் தச்சராகவும் கொல்லராகவும் வாழ்ந்தனர். அவர்களுடைய கலப்புப் போர்த்துக்கேய மொழியும் பாடலும் இன்று மிகச் சிலருடைய நாவிலேயே எஞ்சி நிற்கின்றன. தளபதி ஓடியதைச் சொன்ன கதை, ஓடாமல் நின்று உளி பிடித்தவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து வந்த நெருக்கடி அந்நியரிடமிருந்து வந்ததன்று. இதைச் சொல்கையிற் சிலருக்கு மனம் வருந்தலாம். 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிசனரிமாரை எதிர்த்துச் சைவத்தையும் தமிழுரைநடையையும் நிலைநிறுத்திய ஆறுமுக நாவலரின் தொண்டினை மறுப்பார் இலர். ஆனால் அவர் நிலைநிறுத்த விரும்பியது ஆகம முறைப்பட்ட சைவம். கோயிலில் நடனமாதர் ஆடுவதை அவர் கண்டித்தார், பலியிடுதலைக் கண்டித்தார், கண்ணகி சமணப் பெண் எனக் கூறி அவ்வழிபாட்டையும் கண்டித்தார். யாழ்ப்பாணத்திற் கண்ணகி கோயில்கள் பல காலப்போக்கில் இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. வாள் உயரவில்லை, பீரங்கி முழங்கவில்லை. ஆயினும் கோயில் பெயர் மாறியபோது, அக்கோயிலிற் பாடப்பட்ட காவியமும் ஆடப்பட்ட ஆட்டமும் வாசலுக்கு வெளியே போயின. இடித்தாற் கல் மிஞ்சும். கிணறு வெட்டுவோர் கையில் என்றாவது அகப்படும். பாடாது விட்ட பாட்டைத் தோண்டியெடுக்க எந்த மண்வெட்டியாலும் ஆகாது.

மட்டக்களப்பு இவ்வலைக்குப் பெரிதும் தப்பியது. செட்டிபாளையம் முதல் காரைதீவு, தம்பிலுவில் வரை, வாவியின் இரு மருங்கிலும், வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களின் கதவு திறக்கின்றது. கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. குளிர்த்திச் சடங்கோடு அம்மனின் கோபம் தணிவிக்கப்படுகின்றது. கொம்பு முறித்தல் என்னும் விளையாட்டும் அவளுக்கே உரியது. சிங்கள மக்கள் பத்தினி தெய்வத்துக்காக ஆடும் அங்கெலியவுக்கு அது உடன்பிறப்பு. மண்டூரில் இன்றும் வேதியரின் மந்திரம் இல்லை. கதிர்காமத்தைப் போல, கப்புகனார் வாயை வெண்துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கின்றார்.

இங்ஙனம் தப்பியமைக்குக் காரணம் மட்டக்களப்பாரின் தனிப்பட்ட பக்தி எனச் சிலர் கூறுவர். அது போதாத விளக்கம். கோயில் உரிமை தாய்வழிக் குடிகளிடம் இருந்தது. பிராமணர் தொகை சிறிது. நிலமும் நீரும் போடிமாரிடமும் வன்னிமையிடமும் இருந்தன. யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்களும் சைவப் பாடசாலைகளும் ஆங்கிலம் படித்த உத்தியோக வர்க்கமும் இங்கே பிந்தியே வந்தன. புதிய நடுத்தர வர்க்கம் தன்னைச் ‘சுத்தமாக’ இந்நாட்டிலும் வெளியிலும் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை படுவான்கரையின் களத்துமேட்டில் எழவில்லை. பிந்தங்கிய பொருளாதாரம் பழைய கலையைக் காத்தது. இதைப் பெருமையென்று கொள்வதா, வேதனையென்று கொள்வதா என்பது எளிதில் விடை கூறக்கூடிய வினாவன்று. காரைதீவில், அதே கண்ணகி கோயிலின் சூழலில், 1892-இற் பிறந்தவர் விபுலானந்தர். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புக்களைக் கொண்டு அவர் ஆக்கிய யாழ் நூல் 1947-இல் அரங்கேறியது. ஒருவர் சமணத்தி என்று ஒதுக்கியவளின் காவியத்திலிருந்து மற்றவர் தமிழரின் தொல்லிசையை மீட்டார். சமயத் தூய்மையை நாடிய கண்ணும் கலையை நாடிய கண்ணும் ஒரே பொருளைக் கண்ட விதம் இது.

கூத்தின் வரலாறும் இப்படிப்பட்டதே. அறுவடை முடிந்ததும் அண்ணாவியாரிடம் சட்டம் பெற்று, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, வட்டக்களரியில் விடியும்வரை ஆடியவர் பகலில் வயலில் நின்றவர்களே. பாரதத்தையும் இராமாயணத்தையும் வடமோடியிலும், காதலும் கற்பனையும் விரவிய கதைகளைத் தென்மோடியிலும் ஆடினார்கள். ‘நாட்டுக்கூத்து’ என்றால் நாகரிகமற்றது என்று கருதிய காலத்தில், பேராசிரியர் வித்தியானந்தன் 1962-இல் மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையேற்றினார். அவற்றில் ஆடிய மட்டக்களப்பு மாணவர் மௌனகுரு பின்னர் அம்மரபின் ஆய்வாளராகவே வளர்ந்தார். படச்சட்ட மேடைக்குக் கூத்தைக் கொண்டுவந்தமை ஊரிலிருந்து அதனைப் பிரித்துவிட்டது என்று 2000-க்குப் பின் சீலாமுனை போன்ற இடங்களில், களரியிலேயே, ஊராருடனேயே கூத்தை மீளுருவாக்கியோர் வாதிட்டனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் முதலில் அது கலையென்று ஏற்கப்பட்டமையாலன்றோ இவ்விவாதத்துக்கே இடம் பிறந்தது.

நாம் ஒத்திவைத்திருந்த செய்திக்கு இப்போது வருவோம். செனரத்தன் குடியேற்றிய மக்களின் வழியினரும், அவர்களுக்கு முன்னரே வாழ்ந்த முஸ்லிம்களும், தமிழரைப் போலவே தாய்வழிக் குடிமுறையைக் கைக்கொண்டனர்; ஒரே நெல்வயலில் ஒரே சொல்லாற் கவி பாடினர். 1990 ஆகஸ்ட் 3-ஆம் நாள் இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டிலே தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலே தமிழ்க் குழந்தைகளும் பெண்களும் முதியோரும் இராணுவத்தின் கையில் மாண்டனர். 1987 சனவரியிலும் 1991 சூனிலும், கல் நந்தி எழுந்ததாகச் சொல்லும் அதே கொக்கட்டிச்சோலைப் பகுதியில், அரச படையினர் ஊர்மக்களைக் கொன்றனர். 2019-இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலய வாசலிற் குண்டு வெடித்துச் சிறுவர்கள் இறந்தனர். 1626-இல் துரத்தப்பட்டவனுக்கு இடம் கொடுத்த கரை இது. துன்புறுத்தும் தளபதி எப்போதும் வெளியிலிருந்தே வருவான், நிறத்தாலும் உடையாலும் அடையாளம் தெரியும் என்று சொல்லிக்கொடுத்த கதை, அவன் எமது மொழியிலேயே பேசிக்கொண்டு வந்த இரவில் எங்களை எச்சரிக்கவில்லை. ஃபோர்மனின் படம் அதனை எச்சரிக்கின்றது. அதற்காகவே அதனைக் குறைத்து மதிப்பிட்டது தவறு என்கின்றோம்.

கதை சொல்லாது விட்டது இன்னுமொன்று உண்டு. மட்டக்களப்பின் கோயிற் சடங்கு எதுவும் பறைமேளமின்றிச் சிறப்பதில்லை. அம்மேளத்தின் தாளக்கட்டுக்களும், பறைமேளக் கூத்தும் இப்பகுதியின் தொன்மையான கலைச்செல்வங்கள். அதை முழக்கியவர்களோ காலங்காலமாக வெளிவீதியில் நிறுத்தப்பட்டனர். அவர்களின் இளைஞர் பலர், இழிவோடு பிணைத்துக் கொடுக்கப்பட்ட கலையே வேண்டாம் என்று மேளத்தைக் கீழே வைத்தனர். பறங்கியன் இடித்த கோயிலுக்காக அழுகின்ற நாம், அக்கலைஞன் தன் கலையைத் தானே வெறுக்கும்படி செய்த கொடுமையை எப்பெயரால் அழைப்பது? மதத்தின் பேரால் கலையை நசுக்குதல் என்ற சொற்றொடருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இஸ்பானியாவிற் கிடைக்குமா என்பது ஐயமே. அக்கலையை ஏளனத்தினின்று பிரித்து, உரிய மதிப்போடு மேடையேற்றும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் நடைபெறுகின்றன; ஊர்க்கோயிலின் உள்வீதியில் அதே மதிப்பு கிடைக்கின்றதா என்பது ஊருக்கு ஊர் மாறுபடுகின்றது.

வெல்லாவெளியிலும் அதன் அயற்கிராமங்களிலும் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகம் செல்லும் மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கின்றது. கல் நந்தியின் கதையை முதியோரிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடும் சொல்பவரின் தொழிலோடும் எழுதி வையுங்கள். பழுகாமத்துப் போடியார் வீட்டில் ஒரு விதமாகவும், மண்டூர்த் துறையில் தோணி வலிப்பவரிடம் வேறு விதமாகவும் அது இருக்கக் கூடும். வாவியைக் கடந்து காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சென்று, பறங்கியர் துரத்திய நாளைப் பற்றி அவர்களின் பாட்டிமார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். பறைமேளக் கலைஞர்களின் வீடுகளுக்குப் போகத் தவறாதீர்கள். தளபதி எங்கே நின்றான், பூசகர் எங்கே நின்றார், புல்லை யார் அறுத்து வந்தார் என்றெல்லாம் கதை சொல்வோர் விபரமாகச் சொல்கின்றனர். நந்தி எழுந்த அவ்வேளையில் மேளம் முழங்கியவர் எந்த வீதியில் நின்றார் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.